ஆமைக்கு ஒரு எஞ்சின்

மேனுகாவின் ஆண்டுத் திவசத்துக்கு முன்னர் கார் கொட்டிலை விட்டு வெளியேற வேண்டும் என்று மாமி சொன்னார். திவசத்துச் சமையல் அந்தக் கொட்டிலில்தான் நடக்க வேண்டும். கார்த்திகையில் முற்றத்து அடுப்பை நம்ப முடியாது.

கார் போன வருட மழையிலிருந்து அங்கே நின்றது. மேலே நெல் காயப்போடும் படங்கு. படங்கின் மேல் பூனை. ஜப்பானில் செய்த பழைய பந்தயக் கார் அது. சிவப்பு. இரண்டே கதவுகள். பின்னால் பெயருக்கு ஒரு சிறிய இருக்கை. தரையோடு ஒட்டிப் போகும். படுவான்கரைத் தெருக்களில் அப்படி வேறொன்று ஓடவில்லை. ஊர் அதற்கு ஆமை என்று பெயர் வைத்தது. என் மனைவி மேனுகாவுக்கு அதில் கோபமில்லை. "கதையில வெண்டது ஆர்? முயலா?" என்று கேட்பாள்.

அவள் பட்டணத்தில் விஞ்ஞான ஆசிரியை. கல்யாணத்துக்கு முன்பே தன் சம்பளத்தில் அதை வாங்கியிருந்தாள். வாவியைத் தாண்டிப் போய் வருவாள். வலையிறவுப் பாலத்தில் ஏறும்போதே சத்தம் கேட்கும். மாமி உலை வைப்பார்.

நான் நாவற்குடாவிலிருந்து ஒரு சூட்கேசுடன் இந்த வீட்டுக்கு வந்தவன். எங்கள் பக்கத்தில் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிவிட்டு, மாமாவும் மாமியும் வளவின் பின்புறம் சிறிதாக ஒன்று கட்டி ஒதுங்கிக்கொண்டார்கள். மேனுகாவின் தம்பி நிதுர்ஷனும் அவர்களோடு. இப்போது முன் வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். பிள்ளை இல்லை. திவசம் முடிந்தால் மருமகன் தன் ஊருக்குப் போய்விடுவார் என்று ஊரில் பேச்சு. நான் அப்படி யாரிடமும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வயல் வட்டையில் விதைப்பு. மழைக்கு முன்னர் காய்ந்த மண்ணை உழுது புழுதியிலேயே நெல்லை எறிந்துவிடுவார்கள். பிறகு வானம் பார்ப்பார்கள். மாமா நல்லரத்தினம் உழவு மெசினில் இருந்தார். நிதுர்ஷன் கடகத்தை இடுப்பில் வைத்து விதைத்தான். நான் வரம்பு செதுக்கினேன். அரசாங்கக் கச்சேரியில் கோப்பு புரட்டும் கை. கொப்புளம் வந்தது. வலி பரவாயில்லை.

மத்தியானம் மாமி சோறு கொண்டுவந்தார். மருத மரத்துக்குக் கீழே இருந்தோம். மணலை மீன் ஆணம், முருங்கையிலைச் சுண்டல். எல்லோருடைய புருவத்திலும் புழுதி.

"எஞ்சினை மாத்துவம் அப்பா" என்றான் நிதுர்ஷன். "ஏறாவூரில றுஸ்தி காக்காட கராஜில ஒண்டு வந்திரிக்கி. ஆயிரத்தி எண்ணூறு சீசீ. டேர்போ. அக்காட காருக்குள்ள இறங்கும்."

"இறங்கும். இறங்கினாப் போதுமா?" மாமா முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். "மெசினுக்கு லொறி எஞ்சின் போட்ட சாமித்தம்பிக்கு என்ன நடந்த? நடுவால ஒடைஞ்சி, முன் பாதி வட்டைக்குள்ள, பின் பாதி தெருவில. பின் பாதியில அவன் இருந்து பீடி பத்திக்கிட்டிருந்தான்."

"அது மெசின். இது கார்."

"இரும்புக்கு அது தெரியா மனே."

"பிரேக்கும் மாத்துவம். கியர் பொக்ஸும் மாத்துவம்."

"அப்ப ஏன் அந்தக் காரு? இப்ப அரசாங்கம் வெளிநாட்டில இருந்து கார் வர விட்டிரிக்கி. இதை உள்ளபடி வித்துப்போட்டு, வேகமான புதுசொண்டை எடு. நான் வேணாமெண்டு சொல்லயில்ல. பறக்கிறதெண்டா பறக்கிற சாமானில ஏறிப் பற. ஆமைக்குச் செட்டை கட்டாத."

"புதுசு வாங்கினா அது வேற ஆரோ செஞ்ச வேகம்" என்றான் நிதுர்ஷன். "இதுக்குள்ள எஞ்சினை இறக்கினா அது எங்கட வேகம்."

மாமா என்னைப் பார்த்தார். "கேட்டீங்களா தம்பி? வேகத்திலயும் எங்கட, உங்கட இரிக்காம்."

நான் சோற்றைப் பிசைந்தேன். அந்த வசனம் நிதுர்ஷன் பேசும் வசனம் மாதிரி இல்லை என்று தோன்றியது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

"உப்புக் காத்தில அடிப்பக்கம் துரு" என்று மாமா தொடர்ந்தார். "புது எஞ்சின் பாரம். மூக்குக் குத்தும். வளைவில நீ ஒரு பக்கம் திருப்ப அது ஒரு பக்கம் போகும்."

"வெல்டிங் புடிப்பம்."

"உன்ட வாய்க்கும் வெல்டிங் புடிக்கோணும்."

மாமி கண்ணகை சோற்றுச் சட்டியை மூடினார். தண்ணீர்ச் செம்பை என் பக்கம் தள்ளினார்.

"அது அவள்ட சாமான். எனக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல. ரூபன் சொல்லட்டும்."

"அத்தான் சொன்னாச் சரி" என்றான் நிதுர்ஷன். என்னைப் பார்க்காமல் சொன்னான். ஒரு வருடமாக அவன் என்னைப் பார்த்துப் பேசுவதில்லை. நானும் அப்படித்தான்.

"நாளைக்கு றுஸ்தியைக் கேட்டுப்போட்டுச் சொல்றன் மாமி" என்றேன்.

மாமா மெசினுக்குத் திரும்பினார். நிதுர்ஷன் கடகத்தோடு போனான். மாமி பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே மெல்லக் கேட்டார்.

"வித்தா நீயும் போயிருவாய் என்ன மனே?"

நான் மண்வெட்டியை எடுத்தேன்.

என்னிடம் சொல்வதற்கு வேறொன்று இருந்தது. கார் விடயம் முடிவாகும் நாளில் அதைச் சொல்லிவிடுவது என்று இருந்தேன். ஒரே ஒரு வசனம். அதைச் சொன்னால் நிதுர்ஷன் இந்த வளவில் இருக்க மாட்டான். அது எனக்குத் தெரியும்.

போன கார்த்திகையில் மேனுகாவுக்குக் காய்ச்சல் வந்தது. மழை விடவில்லை. பிறகு காய்ச்சல் விட்டது. நாங்கள் எல்லோரும் சந்தோசப்பட்டோம். மாமி இறால் பாலாணம் வைத்தார். மேனுகா இரண்டு வாய் சாப்பிட்டாள். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம் என்று பிறகு ஆசுபத்திரியில் சொன்னார்கள். அன்று மத்தியானம் அவளுடைய கை கால் குளிர்ந்துபோனது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள்.

அம்புலன்ஸ் பாலத்துக்கு அந்தப் பக்கம் வரை வரும் என்றார்கள். ஓட்டோக்காரர் யாரும் வரவில்லை. நிதுர்ஷன் காரை எடுத்தான். நான் பின் இருக்கையில் அவளை மடியில் கிடத்திக்கொண்டேன். பாலத்துக்கு முன்னர் தெரு தாழ்ந்து போகும். இருபக்கமும் வயல். அன்று தெருவும் வயலும் ஒன்றாகக் கிடந்தன. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர். எங்களுக்கு முன்னால் ஒரு பழைய கார் போனது. ஒரு மோட்டார் சைக்கிளும் போனது. நாங்களும் இறங்கினோம். நடுவில் ஒரு சத்தம். கல்லில் கோடரி விழுந்தது போல. அதோடு கார் நின்றது.

மாமா உழவு மெசினைக் கொண்டுவரும்வரை அங்கேயே இருந்தோம். மெசினின் இழுவைப் பெட்டியில், படங்குக்குக் கீழே, அவளைப் பாலத்துக்குக் கொண்டுபோனோம். மறுநாள் விடியும்போது முடிந்தது. நேரத்தோடு கொண்டுவந்திருந்தால் என்று ஒரு டாக்டர் தொடங்கினார். முடிக்கவில்லை.

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்து காரைக் கட்டி இழுத்து வந்தார்கள். அப்போது பார்த்தேன். முன் பம்பருக்குக் கீழே ஒரு அலுமினியக் குழாயின் வாய். வாயில் வைக்கோல் அடைத்துக் கிடந்தது. அந்தக் குழாயை எனக்குத் தெரியும். சில மாதங்களுக்கு முன்னர் நிதுர்ஷன்தான் பொனட்டைத் திறந்து காட்டினான். எஞ்சின் மூச்சு எடுக்கும் குழாய். கம்பனி அதை மேலே, விளக்குக்குப் பின்னால் வைத்திருந்தது. இவன் கீழே இறக்கியிருந்தான். "குளிர்க் காத்து வந்தா எஞ்சின் நல்லா இழுக்கும் அத்தான்." நான் தலையாட்டினேன். முன்னால் போன கார் கடந்துபோக, எங்கள் கார் நின்றது அதனால்தான். எஞ்சின் தண்ணீரைக் குடித்தது. குழாய் பழைய இடத்தில் இருந்திருந்தால் நாங்கள் பாலம் ஏறியிருப்போம்.

மாமாவுக்கும் மாமிக்கும் குழாயைப் பற்றித் தெரியாது. பழைய கார், தண்ணீரில் நின்றுவிட்டது. அவர்களுக்கு அவ்வளவுதான்.

உன்னுடைய குழாய்தான் என்று நான் சொல்லவில்லை. ஒரு வருடமாக அதை வைத்துக்கொண்டிருந்தேன். அதை வைத்திருந்ததால் வேறு எதையும் நினைக்க வேண்டி வரவில்லை.

திங்கட்கிழமை கச்சேரி விட்டதும் ஏறாவூருக்குப் போனேன். றுஸ்தியின் கராஜ் ஒரு குறுகிய ஒழுங்கைக்குள் இருந்தது. தகரக் கூரை. ஒரு வேனின் கீழிருந்து அவன் வெளியே வந்தான். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவன். கையைத் துணியில் துடைத்து, துடைத்தது போதாது என்று மணிக்கட்டை நீட்டினான். நான் மணிக்கட்டைப் பிடித்துக் குலுக்கினேன்.

"வாங்க சேர். டீச்சர் தவறின பொறகு இந்தப் பக்கம் வரல்ல. இரிங்க."

வீட்டுக்குள்ளிருந்து பிளேன்டீ வந்தது. இஞ்சி தட்டிப் போட்டது. தோடம்பழப் பெட்டி மாதிரி ஒரு மரச் சட்டத்துக்குள் எஞ்சின் இருந்தது. அதைத் தட்டிக் காட்டினான்.

"இதுதான் சாமான். தம்பியார் வந்து வந்து பாக்கிற. பொண் பாக்கிற மாதிரி."

"போடலாமா?"

"போடலாம். கியர் பொக்ஸ் வேற. அச்சு வேற. ரேடியேட்டர் வேற. பிரேக் கட்டாயம் வேற. எஞ்சின் நம்பரையும் புத்தகத்தில மாத்தோணும். கடசியில பாத்தா டீச்சர்ட கார் எண்டு சொல்ல கதவு ரெண்டுந்தான் மிஞ்சும்." சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான்.

"மாமா புதுசு வாங்கச் சொல்றார்."

"அதுவும் சரிதான். புத்தியுள்ள ஆக்கள் அப்படித்தான் செய்யிற. கம்பனி ஒரு வேகத்துக்குக் கார் செஞ்சா எல்லாத்தையும் அந்த வேகத்துக்குச் செஞ்சிரிப்பான். நாம செஞ்சா ஒண்டைக் கூட்ட ஒண்டு ஒடையும்." பிளேன்டீயை உறிஞ்சினான். "ஆனா சேர், இந்தக் கதை போன வருசமே இவடத்த நடந்து முடிஞ்ச."

"ஆரோட?"

"டீச்சரும் தம்பியாரும். இப்ப நீங்க இரிக்கிற கதிரையிலதான் டீச்சர் இருந்த. தம்பியார் சொல்ற, அக்கா இதை வித்துப்போட்டு வேகமானதொண்டை எடுங்க, பழசுக்குக் காசைக் கொட்டாதீங்க எண்டு. டீச்சர் கேக்கயில்ல. எஞ்சின்தான் வேணும். புதுசு வாங்கினா அது வேற ஆரோ செஞ்ச வேகமாம். இது எங்கட வேகமாம். நான் சொன்ன, டீச்சர் நீங்க பள்ளியில படிப்பிக்கிறதா, ரேஸ் ஓடுறதா எண்டு."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அவளா சொன்னா?"

"ஓம். அப்ப நல்ல எஞ்சின் ஒண்டும் கையில இல்ல. வாற வருசம் பாப்பம் எண்டு தம்பியார் சொன்ன. சத்தியம் பண்ணு எண்டா. பண்ணினான். அது மட்டுக்கும் ஒள்ளம் கொஞ்சமாவது கூட இழுக்கட்டும் எண்டுதான் அந்தக் குழாய்."

"எந்தக் குழாய்?"

எது என்று எனக்குத் தெரியும். என்றாலும் கேட்டேன்.

"காத்துக் குழாய். அதுக்கும் சண்டை. தம்பியார் மழை வரப்போகுது, மேல வைப்பம் எண்டான். டீச்சர் ஏலாது எண்டா. மேல எஞ்சின்ட சூட்டுக் காத்து, கீழதான் குளிர்க் காத்து, குளிர்க் காத்தில ஒட்சிசன் கூட எண்டு எனக்கே பாடம் எடுத்தா. நிண்டு பாத்து, பம்பரில ஓட்டை வெட்டுற இடத்தையும் அவதான் சோக்கால கீறின. பையில சோக்கு வெச்சிருந்தா. தான் கேட்டதெண்டு உங்களுக்குச் சொல்ல வேணாம், வேகமெண்டா உங்களுக்குப் பயம் எண்டு..." அவன் என் முகத்தைப் பார்த்தான். "சேருக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றேன்.

"தம்பியார் சொல்லியிரிப்பான்."

"ஓம்."

பிளேன்டீயை முடித்தேன். நன்றி சொன்னேன். அவன் ஒழுங்கை முகப்பு வரை வந்தான். என்ன முடிவு என்று கேட்கவில்லை.

பாலத்தைத் தாண்டி, தெரு தாழும் இடத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். தெரு காய்ந்திருந்தது. இரண்டு பக்கமும் விதைத்த புழுதி. கொக்கு கூட இல்லை. ஒரு வருடமாக ஒருவன் மேல் வைத்திருந்த பழியை இப்போது எடுக்க வேண்டியிருந்தது. எடுத்து வைக்க வேறு இடம் இல்லை. அவள் மேல் வைக்க முடியாது. அவள் சோக்கால் கீறிக்கொண்டு நிற்பது தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு கீறுவாள். கரும்பலகையிலும் அப்படித்தான்.

அவன் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அக்காதான் கேட்டவ என்று. ஒரு வருடம் என் முகத்துக்கு முன்னால் சோறு தின்றவன். நான் எப்படிப் பார்த்தேன் என்பது அவனுக்குத் தெரியும். அவன் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மாமி விளக்கு வைத்திருந்தார். பின் வீட்டில் பாயை விரித்துச் சாப்பாடு. பிட்டும் சம்பலும், கொஞ்சம் இறால். மாமா கால் நகத்திலிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நிதுர்ஷன் சுவரோரம்.

"றுஸ்தி என்ன சொன்ன?" என்று மாமா கேட்டார்.

"புத்தியுள்ள ஆக்கள் புதுசு வாங்குவாங்களாம்."

"பாத்தியா?" மாமா நிதுர்ஷனைப் பார்த்தார். "துலுக்கன் எண்டாலும் நாயம் சொல்லுவான்."

"சாப்பாட்டில இருந்து அப்படிக் கதைக்காதீங்க" என்றார் மாமி. "அவன் அவள்ட செத்த வீட்டுக்கு அந்த மழையில இஞ்ச நடந்து வந்தவன்." பிறகு என்னைப் பார்த்தார். "நீ சொல்லு மனே. என்ன செய்வம்?"

நிதுர்ஷன் பிட்டைப் பிசைவதை நிறுத்தினான். நான் இதற்காகத்தான் காத்திருந்தேன். அந்த வசனம் இன்னும் வாயில் இருந்தது. பழக்கத்தில் இருந்தது.

"எஞ்சின் மாத்துவம்" என்றேன். "பெரிசையே போடுவம்."

"தம்பி!" என்றார் மாமா.

"பிரேக்கும் மாத்தோணும் மாமா. செலவுக்கு நான் இரிக்கன்."

"செலவில்ல கதை. பயித்தியம் ரெண்டு சேந்தா நான் என்ன செய்யிற?"

"அவ கேட்டது" என்றேன்.

நிதுர்ஷன் நிமிர்ந்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"காத்துக் குழாயை மட்டும் இந்த முறை மேல வை" என்றேன்.

அவன் கை பிட்டுக்குள் அப்படியே நின்றது. முகம் அசையவில்லை. கண் மட்டும் நிறைந்தது. துடைக்கவில்லை.

"றுஸ்தி காக்கா சொன்னாரா?"

"ஓம்."

"எல்லாம்?"

"சோக்கும்."

"என்ன குழாய்? என்ன சோக்கு?" என்றார் மாமி.

"ஒண்டுமில்லம்மா" என்றான் நிதுர்ஷன். "காத்துப் போற குழாய்."

"அதுக்கு ஏன் அழுகிற?"

"சம்பல் உறைப்பு."

"நான் அஞ்சு மிளகாய் கூடப் போடயில்லயே" என்று மாமி சம்பல் கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்கு ஏதோ விளங்கியது. எவ்வளவு விளங்கியது என்று எனக்குத் தெரியாது. எழுந்து போய்த் தண்ணீர் எடுத்து வந்தார்.

"அப்ப கார் திரும்ப வரும்" என்றார்.

"வரும் மாமி."

"நீ?"

"கார் வரட்டும் மாமி."

மாமா பாயை விட்டு எழும்பினார். "ஆமைக்குச் செட்டை கட்டுறாங்கள்" என்று முற்றத்தில் போய்ச் சொன்னார். வானத்தைப் பார்த்துச் சொன்னார்.

திவசத்துக்கு முந்திய சனிக்கிழமை றுஸ்தி சிறிய லொறி ஒன்றைக் கொண்டுவந்தான். ஒழுங்கைக்குள் அது திரும்பாது. தெரு வரைக்கும் காரைத் தள்ள வேண்டும். முதல் நாள் இரவு தூறியிருந்தது. மாமி படங்கை உருவினார். பூனை குதித்து ஓடியது. சில்லுகளில் காற்றில்லை. மாமா மெசின் பம்பால் அடித்தார். திட்டிக்கொண்டே அடித்தார்.

"ஆரும் ஒராள் ஸ்டியரிங்கைப் புடிக்கோணும்" என்றான் றுஸ்தி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் கதவைத் திறந்து இறங்கினேன். இந்தக் காருக்குள் ஏறுவதில்லை, இறங்குவதுதான். உள்ளே பூஞ்சண வாசம். முழங்கால்கள் ஸ்டியரிங்கில் இடித்தன. மேனுகா ஆள் கட்டை. இருக்கையை நன்றாக முன்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டுதான் ஓட்டுவாள். அது அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. காரைக் கடைசியாக ஓட்டியவன் நிதுர்ஷன். அவன் என்னைவிட உயரம்.

நிதுர்ஷன் கண்ணாடிப் பக்கம் குனிந்தான்.

"அத்தான், கீழ ஒரு கம்பி இரிக்கி. இழுத்துப்போட்டுப் பின்னுக்குத் தள்ளுங்க. இடம் வரும்."

கையைக் கீழே விட்டேன். கம்பி தட்டுப்பட்டது. குளிர்ந்து கிடந்தது. பிடித்தேன். இழுக்கவில்லை.

"இரிக்கட்டும்" என்றேன்.

அவன் கதவு விளிம்பில் கையை வைத்தான்.

"நானும் அண்டைக்கு இழுக்கயில்ல" என்றான். "நேரமில்ல அத்தான். முழங்கால் ரெண்டும் கண்டிப்போய் இருந்த. எட்டுச் செலவு வரைக்கும் நீலமா இருந்த."

பிறகு பின்னால் போனான். மாமாவும் றுஸ்தியும் அவனும் தோள் கொடுத்தார்கள். மாமி கொட்டில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கார் முனகியது. நகர்ந்தது. முழங்கால் இடிக்க இடிக்க நான் அதைத் தெருவுக்குத் திருப்பினேன்.